உன் கைக்குள் இருந்த மூடி

என் மரகதக்கா,

எந்தத் தபால்காரரும் வந்து சேர முடியாத இடத்தில் எப்படி இருக்கிறாய்? நேற்று நம் வீட்டில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா போன பிறகு எது நடந்தாலும் ஓடிவந்து உன்னிடம் சொல்லிப் பழகிய வாய் இது. நீயும் போய் நாலு வருஷமாகிறது. வாய்க்கு இன்னும் அது புரியவில்லை.

முதலில் ஊர்ச் சேதி. பெருமாட்டியில் இந்த வருஷம் மழை பரவாயில்லை, கடலை நன்றாகப் பிடித்திருக்கிறது. அப்பா இன்னமும் விடிவதற்குள் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, யாரைத் திட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் நான்தான் அகப்படுகிறேன். நீ போட்ட அவரைப் பந்தலுக்கு இந்தத் தடவை நானே கால் நட்டேன். கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. நீ பார்த்தால் சிரிப்பாய்.

காந்தலூரிலிருந்து மச்சானும் உன் மகள் பூங்கொடியும் வந்திருக்கிறார்கள். கூடவே மச்சானின் அக்காவும் உடுமலையிலிருந்து வந்திருக்கிறார். பூங்கொடிக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. பேச்சில் பாதி காற்றாகப் போகிறது. பஸ்ஸை விட்டு இறங்கியபோது முகத்திலிருந்து கழுத்து வரைக்கும் பவுடர் அப்பியிருந்தது. காலிலும் கையிலும் பார்த்தால் உன் நிறம். அப்படியே உன் நிறம் அக்கா. நேற்று நடந்ததெல்லாம் அந்த நிறத்தை வைத்துத்தான்.

இதன் முற்பகுதி உனக்குத் தெரிந்த கதை. ஆனால் நான் எழுதுவதைத் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்லிவிட்டு வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அப்போது நான் கொல்லங்கோட்டில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் என்னுடைய பெரிய கேமரா தொங்கும். மேலே ஒரு கண், கீழே ஒரு கண் வைத்த பெட்டி அது. தலையைக் குனிந்து மேலிருந்து பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். எல்லாம் கருப்பு வெள்ளை. முதலாளிக்கு ஒரு கைவேலை தெரியும். நெகட்டிவில் முகம் இருக்கிற இடத்தில் மெல்லிய தூரிகையால் சிவப்புச் சாயத்தைத் தொட்டு வைப்பார். பிரிண்ட் போட்டால் அந்த முகம் வெள்ளை வெளேரென்று வரும். பெண் பார்க்க அனுப்பும் போட்டாக்கள் அத்தனையும் அப்படித்தான் அந்தக் கடையை விட்டு வெளியே போகும். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. கல்யாண வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போய் யாராவது பொய் என்பார்களா?

உன் போட்டாவும் அப்படித்தான் போனது. அதில் மூக்கு மட்டும் உன்னுடையது, மற்றபடி யாரோ ஒருத்தி. அதைப் பார்த்துவிட்டுத் தாராபுரம் பக்கமிருந்து ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். நீ காபித் தட்டோடு வந்து நின்றாய். மாப்பிள்ளையின் அம்மா உன்னைப் பார்த்தார், உனக்குப் பின்னால் வாசற்படியைப் பார்த்தார், பிறகு அப்பாவிடம் கேட்டார்.

"ஏனுங்க, போட்டாவுல இருந்த புள்ளை எங்கீங்க?"

அப்பா தரையைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். நீ ஒருத்திதான் அந்த அம்மாளை நேராகப் பார்த்தாய்.

"அந்தப் புள்ளை கொல்லங்கோட்டுல ஸ்டூடியோவுல இருக்குதுங்க. அங்க போயிக் கேட்டுப் பாருங்க."

ஊரே அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு நீ சமையற்கட்டில் காபி டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். தேய்த்ததையே மறுபடி எடுத்துத் தேய்த்தாய். அன்றைக்கு உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு தரகர் போட்டா கேட்டு வரும்போதெல்லாம் நீ முடியாது என்றாய். அப்பா சத்தம் போட்டார். ஒரு நாள் நீ என்னிடம் சொன்னாய்.

"என்னைய என்ர நெறத்துல எடுக்க முடிஞ்சா எடு சாமி. அதையப் பாத்துட்டு வர்றவன் வரட்டும். வராதவன் அவன் ஊர்லயே நின்னுக்கட்டும். இன்னொருக்கா எவளும் எம்பட முன்னால நின்னுட்டு, புள்ளை எங்கீன்னு கேக்கக் கூடாது."

நீ அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டதோ என் முதலாளிக்கும் தெரியாத வித்தை.

அந்த வித்தை மூணாறுப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கிடைத்தது. ஆட்களை வரிசையாக நிறுத்திப் போட்டா எடுக்கப் போயிருந்தேன். அங்கே கணக்குப் பிள்ளையாக இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார மேனேஜர் விட்டுச் சென்றதென்று ஒரு சின்னக் கேமராவைக் காட்டினார். இரண்டு கையையும் சேர்த்தால் உள்ளே மறைந்துவிடும். கூடவே அட்டைச் சட்டம் போட்ட சின்னச் சின்ன ஃபிலிம் துண்டுகள், ஸ்லைடு என்றார். ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார்.

கொழுந்துக் கூடையோடு ஓர் அம்மாள் அதற்குள் நின்றார். தலையில் சிவப்புத் துண்டு. கருத்த முகம். ஆனால் நான் நாள் முழுக்கப் பிரிண்டில் பார்க்கிற கருப்பு இல்லை அது. கன்னத்தில் செம்பு ஓடியது, நெற்றியில் வெயில் இருந்தது, கழுத்து வேர்வையில் மினுங்கியது. கண்ணை எடுக்கவே முடியவில்லை. இதற்கு நெகட்டிவ் எங்கே என்று கேட்டேன்.

"நெகட்டிவ்வா? அதெல்லாம் கெடையாதுல்லா தம்பி," என்று சிரித்தார் அவர். "கேமராக்குள்ள இருந்த ஃபிலிமே இதான். அந்தப் பொம்பளை மேல பட்ட வெளிச்சம் நேரா இதுல வந்து விழுந்துருக்கு. இதுல ஒருத்தனும் கை வைக்க ஏலாது."

ஒருத்தனும் கை வைக்க முடியாது. அது போதும் எனக்கு. என் பெரிய கேமராவைக் கழற்றி அவர் மேஜை மேல் வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக அந்தச் சின்னதையும் மிச்சமிருந்த இரண்டு ரோல் கலர் ஸ்லைடு ஃபிலிமையும் வாங்கிக்கொண்டு வந்தேன். மலையிறங்கும் பஸ்ஸில் கை அடிக்கடி கழுத்தைத் தடவிப் பார்த்தது. எதையோ தொலைத்துவிட்டு வருவது போலவே இருந்தது.

அப்பா பார்த்துவிட்டுச் சொன்னது உனக்கு நினைவிருக்குமே. "எருமையக் குடுத்துப்போட்டுப் பூனைக்குட்டி வாங்கியாந்திருக்கறான்!"

நீதான் அந்தப் பூனைக்குட்டியை ஆசையாக வாங்கிப் பார்த்தாய். இனி நான் குனிய வேண்டாம், கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம் என்று காட்டினேன். அதன் மூலையில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. படம் பிடிக்கும் லென்ஸ் வேறு, பார்க்கும் ஜன்னல் வேறு. ஜன்னலின் நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம், அதற்குள் எதிரில் இருப்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருகத் திருக இரண்டு பேரும் நகர்ந்து வந்து ஒன்றாவார்கள். ஒன்றானால் படம் தெளிவாக வரும்.

"இப்ப நான் ரெண்டு பேரா தெரியறனா?" என்றாய்.

"ஆமாக்கா."

"ரெண்டு பேருல எவ லட்சணம்?"

"ரெண்டு பேரும் என்னைய வையறாங்க," என்றேன். நீ மண்டையில் ஒரு குட்டு வைத்தாய்.

முதல் ரோலை ஒரு காலையில் எடுத்தோம். பம்புசெட் தொட்டியருகே, கடலைக் காட்டில், தென்னைக்கடியில் எல்லாம் நிற்கவைத்தேன். தரகர் வெளிர் நிறச் சேலை கட்டச் சொல்லியிருந்தார், நீ வேண்டுமென்றே அரக்குச் சேலை கட்டினாய். ஃபிலிமை அதற்குரிய உறையில் போட்டு, கழுவுவதற்குப் பம்பாய்க்கு அனுப்பிவிட்டு, நான் தினமும் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

டப்பா வந்தது. ஒன்றை எடுத்துச் சூரியனுக்கு நேராகப் பிடித்தேன். கருப்பு. இன்னொன்று. அதுவும் கருப்பு. அத்தனையும் அட்டைச் சட்டம் போட்ட இருட்டு. பெரிய கேமராவையும் விட்டாயிற்று, இதுவும் இப்படி என்றால் என்ன செய்வது?

நீ என் முகத்தைப் பார்த்தாய், மேஜை மேலிருந்த கேமராவைப் பார்த்தாய். உன் கை மெதுவாக வாய்க்குப் போயிற்று.

"ஐயோ சாமி, அந்த மூடி! அன்னைக்கு நீ கேமராவக் கட்டில் மேல அப்படியே போட்டுட்டுச் சாப்பிட உக்காந்துட்டியா, தூசி உழுகுமேன்னு நாந்தான் எடுத்து மூடி வெச்சேன். எடுக்கறப்ப நீ தெறந்துக்குவேன்னு பாத்தனே!"

பாலை மூடுவாய், மோரை மூடுவாய், ஊறுகாய் ஜாடியை மூடி அதன் மேல் துணியும் கட்டுவாய். இந்த வீட்டில் வாய் திறந்த பாத்திரம் ஒன்று உன் கண்ணில் பட்டுத் தப்பித்ததே கிடையாது. லென்ஸ் மட்டும் எப்படித் தப்பிக்கும்? பழைய கேமராவாக இருந்தால் மேல்கண்ணும் சேர்ந்து மூடியிருக்கும், பார்த்ததும் இருட்டாகத் தெரிந்திருக்கும். இதில்தான் ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு ஆயிற்றே. காலை முழுவதும் நான் ஜன்னல் வழியே உன்னை வெயிலில் பளிச்சென்று பார்த்துக்கொண்டு, மூடிக்குப் பின்னாலிருந்த இருட்டை எடுத்திருக்கிறேன்.

நீ ஒரு ஸ்லைடை எடுத்து வெயிலில் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாய்.

"ஊரே என்னையக் கருப்புங்குது. ஆனா இத்தனை கருப்பா எடுத்தவன் நீ ஒருத்தந்தான்டா," என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாய். நானும் சிரித்தேன். அப்பா மீசையைத் தடவித் தடவிப் பார்த்தார், அவருக்கும் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையென்றால் நான் மறுநாளே போய் என் பெரிய கேமராவைத் திருப்பிக் கேட்டிருப்பேன்.

சிரிப்பு அடங்கியதும் அப்பா காரியத்துக்கு வந்தார். காந்தலூரில் மலைப்பூண்டு பயிர் பண்ணுகிற ஒரு குடும்பம், நல்ல பையன், தரகர் அவசரப்படுத்துகிறார். பேசாமல் ஸ்டூடியோவுக்கே போய் முன்னைப் போலவே வெளுப்பாக ஒன்று எடுத்துக்கொண்டு வா என்றார். நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு ரோல்தான் மிச்சம் இருந்தது.

இரண்டாம் தடவை நீயே மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டாய். "இது என்ர கையிலயே இருக்கட்டும். இங்க இருந்தா அங்க இருக்காதல்லோ," என்று வலது கைக்குள் பொத்திக்கொண்டாய். நல்ல யோசனைதான் என்றேன்.

ஸ்லைடு ஃபிலிம் பொல்லாதது அக்கா. கருப்பு வெள்ளையில் வெளிச்சம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பிரிண்டில் சரிக்கட்டிவிடலாம். இதில் வெளிச்சம் ஒரு பிடி கூடினால் நீ வெளுத்துப்போவாய், ஒரு பிடி குறைந்தால் இருண்டுபோவாய். நடுவில் ஒரே ஓர் இடத்தில்தான் நீ நீயாக இருப்பாய். அந்த இடம் எது என்று தேடித்தான் அவரைப் பந்தலின் ஓரத்துக்கு உன்னை அழைத்துப்போனேன். பந்தலுக்குள் பாதி நிழல், முகத்தில் மென்மையான வெயில். முறத்தை மடியில் வைத்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிரு என்றேன். ஒரு கையால் எப்படி உரிப்பது என்று நீ கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அப்பா வந்தார்.

அப்பா யாரும் கூப்பிடாமலே வந்தார். சலவைச் சட்டை, எண்ணெய் தடவிச் சீவிய தலை. "நாம்பாட்டுக்கு நிக்கறேன், நீங்க எடுங்க," என்று உனக்குப் பின்னால் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். நீ அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். உனக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு அக்காவும் ஒன்றாகச் சேர்ந்த நேரம் அது. நான் அழுத்திவிட்டேன்.

அந்த ஒன்றுதான் அக்கா. ரோலில் மற்றவையும் மோசமில்லை. ஆனால் பம்பாயிலிருந்து வந்ததும் அந்த ஒன்றைத்தான் மறுபடி மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அரக்குச் சேலை அரக்காக இருந்தது. அவரைப் பூ ஊதாவாக இருந்தது. நீ நீயாக இருந்தாய்.

தரகர் அதைப் பார்த்துவிட்டு, "இதென்னுங்க, பஸ் டிக்கெட்டாட்டம்?" என்று கையில் வாங்கவே மாட்டேனென்றார். அதனால் நானே கொண்டுபோனேன். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தால், காந்தலூரில் மஞ்சுமூட்டம் இறங்கிக் கிடந்தது. எதிரில் நிற்பவர் தெரியவில்லை. ஸ்லைடைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். பூண்டுக் கட்டுகள் தொங்கும் கூரையடியில் நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து, வெயிலுக்குக் காத்திருந்தோம். அந்த நேரம் முழுக்க என் காதில் அந்தத் தாராபுரத்து அம்மாளின் கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தது.

மஞ்சு விலகியது. அவர் பூண்டு மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நான் சொன்னபடி ஓரத்தைப் பிடித்து, வானத்துக்கு நேராகத் தூக்கினார். பார்த்தார். இறக்கவே இல்லை.

"நெசமாலுமே இந்த நெறந்தானுங்களா?" என்றார்.

"ஆமாங்க. இதுல ஆரும் கை வெக்க முடியாதுங்க."

"நல்லதுங்க. முன்னால ஒரு போட்டாவ நம்பிப் பொண்ணு பாக்கப் போனேன். காபி கொண்டாந்தது வேற பொண்ணு. எங்க வீட்டாளுக என்னமோ கேட்டுப்போட்டாங்க. அந்தப் புள்ளை தலையே நிமிரலைங்க. பாவமாப் போச்சு. அன்னைலேர்ந்து எனக்குப் போட்டான்னாலே பயம்."

சொல்லிவிட்டு ஸ்லைடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கு நெகட்டிவ் கிடையாது, உலகத்திலேயே அது ஒன்றுதான், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"குடுக்கறதா இல்லீங்க," என்றார். அப்படித்தான் அவர் எனக்கு மச்சான் ஆனார்.

நீ அங்கே சந்தோஷமாக இருந்தாய். அது எனக்குத் தெரியும், அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். பூங்கொடி பிறந்தாள். பிறகு அந்த மழைக்காலத்துக் காய்ச்சல். ஜீப்பில் உடுமலைக்குக் கொண்டுவரும் வழியிலேயே நீ போய்விட்டாய். சேதி கேட்டு நான் ஓடி வந்தபோது மச்சான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு உன்மேல் கோபம் வந்தது அக்கா. இத்தனை சீக்கிரம் என்ன அவசரம் உனக்கு?

இனி நேற்று நடந்ததற்கு வருகிறேன்.

மச்சான் வீட்டுச் சுவரில் உன் படம் இல்லை. உன் படம் என்று இருப்பதெல்லாம் அந்த ஸ்லைடுதான். அந்த ரோலின் மற்ற ஸ்லைடுகளை நீ சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டாய். மச்சானிடம் இருக்கும் ஸ்லைடை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துக் கருப்பு வெள்ளையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மாலை போட்டு மாட்ட வேண்டும் என்று மச்சானின் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பேச்சு மறுபடி வந்தது.

"மூஞ்சிய மட்டுஞ் சித்த வெளுப்பாப் போடச் சொல்லோணும் தம்பி. நாளைக்கு இவளப் பாக்க வர்றவிய செவுத்தையும் பாப்பாங்கல்லோ. புள்ளையோட நல்லதுக்குத்தாஞ் சொல்றேன்."

அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. காந்தலூருக்குப் போகும்போதெல்லாம் பூங்கொடிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அவர்தான். ஆனால் பூங்கொடி மச்சானின் மடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா கருப்பா, செவப்பா?" என்று கேட்டாள்.

அவளுக்கு உன் முகம் நினைவில்லை அக்கா. அந்த ஸ்லைடை அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை, கீழே போட்டுவிடுவாளோ என்ற பயம். மச்சான் அவள் தலையைத் தடவினார். என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து போய், ஸ்லைடைச் சுவரில் பெரிதாகக் காட்டும் மெஷினை ஒரு சிநேகிதரிடம் இரவல் கேட்டேன். அவர் ஊர் ஊராகப் போய்க் குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்லைடு போட்டுக் காட்டுகிறவர். பல்பு கேடாகாமல் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி மெஷினைக் கொடுத்தார். நெல் போடும் அறையில் ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டி இருட்டாக்கினேன். மச்சான் பஞ்சு வைத்த தகர டப்பாவைத் திறந்தார். மலைக் காற்றின் ஈரத்தில் ஸ்லைடின் ஒரு மூலையில் பூசணம் நூலாகப் படர ஆரம்பித்திருந்தது. உன் முகத்துக்கு இன்னும் வரவில்லை.

"எரிஞ்சுபோயிராதுங்களா மாப்ள?" என்றார். அவரிடம் உன்னுடையதென்று இருப்பது அது ஒன்றுதானே. ஆகாது, நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றேன். எனக்கும் பயந்தான்.

பதற்றத்தில் ஸ்லைடைத் திருப்பிப் போட்டுவிட்டேன். சுண்ணாம்புச் சுவரில் நீ தலைகீழாகத் தொங்கினாய். பூங்கொடி கைதட்டிச் சிரித்தாள். எடுத்துத் திருப்பிப் போட்டேன்.

நீ வந்தாய். நிஜமான உயரத்துக்கு, அரக்குச் சேலையோடு, மடியில் முறத்தோடு, திரும்பிச் சிரித்துக்கொண்டு வந்தாய். கொஞ்ச நேரத்தில் பல்பின் சூட்டில் ஃபிலிம் உப்பி, நீ கலங்கினாய். மச்சான் "ஐயோ" என்றார். நான் லென்ஸைத் திருகினேன். நீ மறுபடி தெளிந்து வந்தாய்.

பூங்கொடி நேராகச் சுவரிடம் போனாள். உன் வலது கை இருந்த இடத்தில் தன் கையை வைத்தாள். உன் கை அவள் கை மேல் விழுந்தது.

"அம்மா கை என்ர கை மேல வந்துருச்சு!" என்றாள். பிறகு தன் கையைப் பார்த்தாள், உன் முகத்தைப் பார்த்தாள். "என்ர நெறம்," என்றாள்.

வாசற்படியில் அப்பா நின்றிருந்தார். உள்ளே வர மாட்டேன் என்று சொல்லியிருந்தவர் எப்போது வந்தாரென்று தெரியவில்லை. உனக்குப் பின்னால் பந்தல் காலைப் பிடித்து நிற்கும் தன்னைப் பார்த்தார்.

"ஏன்டா, நான் இத்தனை கருப்பா?" என்றார்.

"அப்புச்சியும் கருப்பு!" பூங்கொடிக்குக் குஷி தாங்கவில்லை. "அம்மாவும் கருப்பு, நானுங் கருப்பு, அப்புச்சியுங் கருப்பு!"

அப்பா சிரித்தார் அக்கா. சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நீ போன அன்றைக்குக்கூட அழாத மனிதர். மச்சானின் அக்கா எழுந்து வந்து பூங்கொடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நாஞ் சொன்னத விட்டுருங்க," என்றார். மச்சான் சொன்னார், "செவுத்துல ஆணி வேண்டாமுங்க மாப்ள. வருசா வருசம் இப்படியே பாத்துக்கலாம்."

பூங்கொடிக்கு மட்டும் இன்னொரு சந்தேகம் இருந்தது. "அம்மா ஏன் இந்தக் கையப் பொத்தியே வெச்சிருக்குது? உள்ளார என்ன இருக்குது?"

"அது எனக்கே தெரியாது கண்ணு," என்றார் மச்சான். "எத்தனையோ தடவை கேட்டுட்டேன். சிரிப்பாளே ஒழிய சொல்ல மாட்டா."

நீ அவரிடம்கூடச் சொல்லவில்லையா? இத்தனை வருஷமும் அது நம் இரண்டு பேருக்குள் மட்டும் இருந்ததா? எனக்கு அது தெரியாது அக்கா. அந்த அறையில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கேமராவை எடுத்துவந்து, லென்ஸிலிருந்து மூடியைக் கழற்றிப் பூங்கொடியின் கையில் வைத்தேன். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பொத்தினேன். "இதுதான்," என்றேன். அவள் சுவரில் உன் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அப்புறம் திறக்கவே இல்லை. மற்றக் கையால்தான் சாப்பிட்டாள், பொத்திய கையோடேதான் தூங்கினாள். காலையில் எழுந்து, பவுடர் டப்பாவின் பக்கம் போகாமல், நேராக வாசலுக்கு ஓடினாள்.

என்னிடம் ஒரு ரோல் ஸ்லைடு ஃபிலிம் இருக்கிறது. அரிதாகத்தான் கிடைக்கிறது, எதற்கென்று தெரியாமலே பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். இதை எழுதி முடித்ததும் அவளைச் சாய்ந்த அவரைப் பந்தலின் ஓரத்துக்கு அழைத்துப்போகிறேன். அப்பா இப்போதே சலவைச் சட்டை போட்டாயிற்று.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் மகள் வளர வளர, அவளை அவள் நிறத்திலேயே எடுப்பேன். ஒரு பிடி வெளிச்சம் கூட்டமாட்டேன், ஒரு பிடி குறைக்கமாட்டேன். எந்த வீட்டிலும், எவர் முன்னாலும், போட்டாவில் இருந்த பெண் எங்கே என்று அவளை ஒருவரும் கேட்க விடமாட்டேன்.

மூடியை அவள் திருப்பித் தருவதாக இல்லை. நானும் கேட்பதாக இல்லை. தூசி விழுமே என்று கவலைப்படாதே அக்கா, துணி போட்டு மூடிக்கொள்கிறேன்.

மூடியில்லாத கேமராவோடு,
உன் தம்பி
துரைசாமி